பூஜ்யத்தில் தொடங்கும் எண்

எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது
என்று கேட்கிறார் அதிகாரி.
படிவத்தில் பதினேழாவது கட்டம் அது.
காலியாக விட்டால்
கணினி அடுத்த பக்கம் போகாதாம்.

நான் மொழிபெயர்க்க வந்தவள்.
எங்கள் ஆக்கா மொழியில் நாட்டுக்குச்
சட்டென்று ஒரு சொல் அகப்படவில்லை.
உன் மலை எது என்று கேட்டேன்.
மிஷூ தன் கையைப் பார்த்தாள்.
விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன,
பதினாலு மாதம் ஐஸ் தண்ணீரில்
இறால் உரித்த விரல்கள்.

சோளக்காட்டுக் குடிசையில் பிறந்தவள்.
மழைக்காலம், பாதை சரிந்து கிடந்தது.
மூன்றாம் வாரம் பதியப் போன அப்பாவிடம்
பதினைந்து நாள் கெடு முடிந்தது என்றார்கள்.
பிறந்ததற்குச் சாட்சி?
ஒரு பன்றி பார்த்துக்கொண்டிருந்தது, என்றாராம் அப்பா.
யாரும் சிரிக்கவில்லை.

லாஜே அவர் பெயர்.
முதல் மனிதன் தொடங்கித் தன்வரைக்கும்
அறுபத்துமூன்று தலைமுறையை
மூச்சு விடாமல் சொல்லத் தெரிந்தவர்,
ஒரு பெயரின் வால்
அடுத்த பெயரின் தலையாக.
அலுவலகத்தில் அதையும் சொல்லிப் பார்த்தார்.
எழுத்தர் பேனாவை மூடிவிட்டுத்
தேநீர் குடிக்கப் போனார்.

பல வருஷம் கழித்து ஓர் அட்டை வந்தது.
பதின்மூன்று இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யம்.
பள்ளிக்கூடக் கணக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது:
இடப்பக்கப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.
அதை வைத்துக்கொண்டு மாவட்டம் தாண்ட
அனுமதிச் சீட்டு வேண்டும்.
சீட்டுக்கு வேலை வேண்டும்.
வேலைக்குச் சீட்டு வேண்டும்.

அப்போதுதான் வந்தாள் வான் என்றொருத்தி.
வான் என்றால் இனிப்பு, தாய் மொழியில்.
தாய் மொழிதான்,
தாய்மொழி அல்ல.
அவள் பையில் ஒன்றில் தொடங்கும் அட்டை இருந்தது,
ஆற்றோடு போன ஒரு பெண்ணுடையது.
முகம் ஏறக்குறைய ஒத்துப்போனது.
சாவடி இருட்டுக்கு ஏறக்குறைய போதும்.
கேட்டால் சுனிசா என்று சொல், என்றாள்.

ஒன்பது சாவடி.
மிஷூ என்னிடம் சொன்னதில்
இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை:
அந்த இரவுப் பேருந்தில்தான்
முதல்முறையாக ஒரு போலீஸ்காரர்
அவளைப் பார்த்து, தூங்கும்மா, என்றார்.
சந்தோஷமாக இருந்ததாம்.

மகாச்சாயில் கொட்டகை.
விடிகாலை இரண்டுக்கு மணியடிக்கும்.
கிலோக்கணக்குக் கூலியில்
செத்தவளின் அட்டைக்கு வாடகை பிடித்தார்கள்.
ஓடிப்போய் யாரிடம் சொல்வாய்,
நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வாய்,
என்றான் மேஸ்திரி, சாப்பிட்டுக்கொண்டே.
அதன் பிறகு
பூட்ட மறந்த இரவுகளிலும்
ஒருத்தியும் வெளியே போகவில்லை.

சோதனை வந்த அன்று பதினொரு பேர் இருந்தார்கள்.
எட்டுப் பேருக்குத் தூதரகம் இருந்தது.
புதுச் செருப்பும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து
கூட்டிப்போனார்கள்.
இரண்டு பேர் மதிலேறிக் குதித்தார்கள்.
மிச்சம் இவள்.

அதிகாரி கெட்டவர் இல்லை.
மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.
மியான்மர் என்று போடட்டுமா, பக்கம்தானே, என்றார்.
அங்கே அவள் போனதே இல்லை.
அப்படியானால் இங்கேயா?
இங்கே அவள் இருந்ததே இல்லை,
காகிதத்தில்.

மூன்றாம் தடவை கேள்வியைச் சொன்னேன்.
மிஷூ வாய் திறந்தாள்.
அப்பாவின் வரிசையைத் தொடங்கினாள்,
முதல் மனிதனிலிருந்து.
பெண்கள் அதைச் சொல்லும் வழக்கமில்லை.
எங்கே ஒளிந்து கேட்டாளோ.
இருபதாவது பெயரில் அதிகாரி என்னைப் பார்த்தார்.

முகவரி, என்றேன்.
நீளமாக இருக்கிறதே,
கட்டத்தில் பதினைந்து எழுத்துத்தான் கொள்ளும், என்றார்.

வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்தார்.
முப்பத்தொன்றாம் பெயரில் தடுமாறி நின்றவள்
எச்சில் விழுங்கிக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.